பாதியாகாத சிவப்பு

பதினோராம் நாளும் அந்தச் சிவப்பு மங்கவில்லை.

சோபியா நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வெள்ளை மேலங்கியின் ஓரத்தினால் துடைத்து அணிந்துகொண்டு, மறுபடியும் குனிந்து பார்த்தாள். கறுப்புத் திரையிட்ட அந்தச் சிற்றறையில் குளிர்சாதனத்தின் முணுமுணுப்பும், உயிரணுக்களை உடற்சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியிலிருந்து கசிந்து வரும் இளஞ்சூடான ஊன்வாடையும், சுவருக்கு அப்பால் அந்தமானின் மின்னி பே கரையில் ஏறி இறங்கும் அலையின் தேய்ந்த ஓசையும் நாள்தோறும் இருப்பவைதாம். அன்றைக்கு அவை மூன்றும் ஒன்றையொன்று கவனித்துக்கொண்டு, அவள் என்ன செய்யப்போகிறாள் என்று காத்திருப்பனபோலத் தோன்றின. கண்ணாடித் தட்டின் அடியில் படர்ந்திருந்த அணுக்கள் ஒவ்வொன்றும், ஊதா ஒளி பட்டதும், ஊதிவிட்ட கரித்தணல்போலக் கனன்றன. முதல் நாள் எப்படிக் கனன்றனவோ, அப்படியே.

அப்படிக் கனலக் கூடாது.

அந்தத் தனியார் ஆய்வு மருத்துவமனையில் அவள் பணிக்குச் சேர்ந்தபொழுது டாக்டர் பன்னீர்செல்வம் சொல்லிக்கொடுத்த முதற்பாடமே அதுதான். தொலைக்காட்சித் திரையில் நிறம் காட்டுவதற்குப் பயன்படும் குறைகடத்திப் பொருளை, சாதாரண நுண்ணோக்கிக்கும் அகப்படாத அளவுக்கு நுண்ணிய துகளாக்கி, அதன்மேல் ஒரு காப்புறையைப் போர்த்தி, புற்றணுவைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் புரதத்தை அதில் பூசி, நோயாளியின் கட்டிக்குள் ஊசியால் செலுத்துவார்கள். புற்றணு அதை விழுங்கும். மறுநாள் அறுவை மேசையில் ஊதா விளக்கைக் காட்டினால், கெட்டது எது, நல்லது எது என்று கட்டியே கனன்று காட்டிக்கொடுத்துவிடும். விழுங்கிய துகளைச் செரிக்க உயிரணுவால் இயலாது. அது இரண்டாகப் பிளக்கும்பொழுது, உள்ளே இருப்பதைப் பிறக்கும் இரண்டும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு பிளப்புக்கும் வெளிச்சம் பாதியாகும். நாளொன்றுக்கு ஒரு பிளப்பு. பத்து நாளில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு இருட்டுத்தான்.

பதினான்கு நோயாளிகளின் கட்டியிலிருந்தும் அணுக்களை எடுத்துத் தட்டில் இட்டுப் பார்த்தார்கள். ஒன்பதாம் எண்ணுடையது மட்டுமே பிழைத்து வேரூன்றியது. நோயாளிகளுக்கு ஆய்வுக்கூடத்தில் பெயர் கிடையாது, எண் மட்டுமே. ஆயினும் ஒன்பதாம் எண் யாருடையது என்பது சோபியாவுக்குத் தெரியும். ஒன்பது என்பது அவள் கணவன் கிளமெண்ட்.

அவள் ஊதா விளக்கை அணைத்தாள். இருட்டில் சற்று நேரம் அசையாமல் அமர்ந்திருந்தாள். பிறகு தட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கப்போனவள், அதன் மூடியில் தான் ஒட்டிய சிறிய எண்ணை, சுவர்விளக்கை ஏற்றுவதற்கு முன்பே படித்துவிட்டாள். பதினோரு நாளைய பழக்கத்தில் கண் இருட்டுக்குத் தேறிவிட்டது என்று எண்ணிக்கொண்டாள்.

நிறமும் சரியாக இல்லை. துகள் பெரிதாக இருந்தால் சிவப்பாகவும், சிறுத்தால் மஞ்சளாகவும், இன்னும் சிறுத்தால் பச்சையாகவும் ஒளிரும். உடம்பு அதைக் கொஞ்சங்கொஞ்சமாக அரித்தால் நிறம் பச்சையை நோக்கி நகரும். நிறத்தை அளக்கும் கருவி காட்டிய எண்ணை அவள் குறிப்பேட்டில் முதல்நாள் எண்ணுக்கு நேராக எழுதினாள். நகர்ந்துதான் இருந்தது. மறுபக்கமாக. சிவப்பு இன்னும் சிவந்திருந்தது.

அப்படியானால் துகள்கள் வளர்கின்றன.

அதையும்விட ஒன்று உண்டு. அதைக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவது என்று அவளுக்கு விளங்கவில்லை. முதல் நாள் எடுத்த படத்தில் அணுக்கள் தட்டெங்கும் சிதறிக் கிடந்தன. ஐந்தாம் நாள் படத்தில் நடுப்பகுதியில் நெருக்கம் கூடியிருந்தது. இன்றோ, விளக்கொளி விழும் அந்தச் சிறு வட்டத்துக்குள் எல்லாமாகச் சேர்ந்து, தோளோடு தோள் ஒட்டி நின்றன. மூன்றரை மணிக்கு அவள் தட்டை ஒரு விரற்கடை நகர்த்தி, விளக்கு வெற்றிடத்தில் விழுமாறு வைத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போனாள். திரும்பி வந்து பார்த்தபொழுது வெற்றிடம் வெற்றிடமாக இல்லை.

பார்க்கப்படும் இடத்திற்கு அவை வந்து நின்றன.

டாக்டர் பன்னீர்செல்வம் உறவினர் திருமணத்திற்காகச் சென்னைக்குப் போயிருந்தார். தொலைபேசியில் அவர் குரலுக்குப் பின்னால் நாகசுரமும் பாத்திரங்களின் ஓசையும் கேட்டன.

"தட்டு மாறிப் போயிருக்கும் சோபியாம்மா."

"மாறல சார். நம்பர் நான்தான் ஒட்டினேன்."

"அப்ப விளக்கக் கூட்டி வச்சிருப்பீங்க."

"அதையும் பார்த்துட்டேன் சார்."

அவர் சிரித்தார். "அப்ப அந்தச் செல்லு கணக்குல வீக்குன்னு வச்சுக்குவோம். பாதி போடத் தெரியல. சனிக்கிழமை ஃபிளைட்ல வந்து நானே பார்க்கறேன். அதுவரைக்கும் மெயின்லேண்ட் ஆளுங்க காதுல போட்டுடாதீங்க."

அவள் தயங்கினாள். "சார், ஒருவேளை... காப்புறை கெட்டுப்போன மருந்த ஏத்தியிருந்தா?"

"கெட்டத எதுக்கும்மா ஏத்தறோம்? ஏத்தினா உள்ள இருக்கற காட்மியம் கசியும். மொதல்ல செல்லு சாகும், அப்புறம் கிட்னி. கலரும் பச்சைக்குப் போகும். உங்களுது பச்சைக்கா போகுது?"

"இல்ல சார். இன்னும் சிவந்திருக்கு."

மறுமுனையில் நாகசுரம் மட்டும் ஒலித்தது. "கேக்கல... டவர் இல்ல போல..." என்ற குரல் பாதியில் அறுந்தது.

கெட்ட மருந்து. அந்தச் சொல்லைத்தான் அவள் பதிமூன்று நாட்களாக நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தாள்.

கிளமெண்டுக்கு ஊசி போட்ட நாளன்று, சிகிச்சைப் பிரிவிலிருந்து தலைமைச் செவிலி மிருணாளினி தீதி தொலைபேசியில் அழைத்தார். பெரார்கஞ்சில் குடியேறிய வங்காளக் குடும்பத்தைச் சேர்ந்தவர்; தமிழருடன் தமிழும் இந்தியும் கலந்து பேசுவார்; அவசரமென்றால் இந்தி மட்டுமே வரும். "சோபியா, கல் வாலா மத் பேஜ்னா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். 'கல்' என்ற நாளுக்குரியதை அனுப்பாதே. குளிர்ப்பெட்டியில் குப்பிகள் இரண்டு இருந்தன: ஒன்று முந்தைய நாள் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தது, மற்றொன்று மறுநாளைக்கென்று விமானத்தில் புதிதாக வந்தது. இந்தியில் நேற்றும் கல்தான், நாளையும் கல்தான். தீவில் பதினெட்டு ஆண்டுகளாக அந்த மொழியில் காய்கறி வாங்கி, சண்டை பிடித்து, சமாதானமாகி வாழ்ந்தவளுக்கு, வினைச்சொல்லைக் கேட்டால் எந்தக் கல் என்று தானாகவே விளங்கிவிடும். அன்றைய வாக்கியத்தில் அதற்கு ஏற்ற வினை இல்லை. நாளைய குப்பி நாளைய நோயாளிக்கு உரியது, ஆகையால் அதை அனுப்பவேண்டாம் என்கிறார் எனத் தீர்மானித்து, நேற்றைய குப்பியை அனுப்பிவிட்டாள்.

மாலையில் பதிவேட்டைப் புரட்டியபொழுதுதான் அந்த வரியைக் கண்டாள். நேற்றைய தேதியில், குப்பியொன்று வெள்ளித்தாள் சுற்றப்படாமல் ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் கிடந்தது என்று எழுதியிருந்தது. வெளிச்சத்தில் கிடந்தால் காப்புறை கெடும். அப்படியானால் தீதி சொன்னது நேற்றையதை. அனுப்பக் கூடாததைத் தன் கையாலேயே தன் கணவனுக்கு அனுப்பியிருக்கிறாள்.

கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதற்காகவே அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் கிளமெண்டின் சிறுநீரகப் பரிசோதனைத் தாளை ஒளிந்து பார்த்தாள். ஒவ்வொரு நாளும் அது குறையேதுமின்றி இருந்தது.

இன்று கேட்டுவிடுவது. வீட்டுக்குப் போய் அவனிடமும் சொல்லிவிடுவது. தவறென்றால் தவறு, நஞ்சென்றால் அதை வெளியேற்ற ஏதேனும் வழி இருக்கும், சென்னைக்குக் கொண்டுபோகலாம். அப்படி முடிவு செய்தபின்பு நெஞ்சு சற்று இலகுவாயிற்று. அவள் பெட்டியைப் பூட்டிவிட்டு வெளியே வந்தாள்.

மார்கழி மாதத்தில் அந்தமானில் ஐந்து மணிக்கே கதிரவன் போய்விடும். கடிகாரம் மாலை என்று சொல்லிக்கொண்டிருக்கும். வானம் அதற்குச் செவிசாய்க்காது. சற்று முன்பு பெய்து ஓய்ந்த மழையில் சரிவுப்பாதை நனைந்து, அழுகிய இலையும் உப்பும் டீசலும் கலந்த வாடை மண்ணிலிருந்து எழுந்தது. பாதையில் பாதித் தூரத்துக்குத் தெருவிளக்கு இல்லை. அந்த இருண்ட பாதியில்தான் ஈசல்கள் வந்தன. முதலில் ஒன்று கன்னத்தில் மோதியது. பிறகு கழுத்தில், புருவத்தில், மணிக்கட்டில். மழை விட்ட மாலையில் ஈசல் புறப்படுவது இயல்புதான். விளக்கைத் தேடி அலையும். அங்கே விளக்கு எதுவும் இல்லை. அவள் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு நடையை விரைவாக்கினாள். உதிர்ந்த இறகுகள் தோளில் ஒட்டிக்கொண்டு வந்தன.

படாக் மரப்பலகைச் சுவரும் தகரக் கூரையும் உள்ள சிறிய வீடு. கிளமெண்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். தூத்துக்குடியிலிருந்து வந்த மீனவக் குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகாமல், மீன் பதப்படுத்தும் ஐஸ் பிளான்டில் எந்திரம் பழுது பார்க்கிறவன். வீடு திரும்பி ஒரு வாரம் ஆகிறது.

"ஏட்டி, ஈசலையும் கூட்டிட்டு வந்துட்டியா?"

"மழை பெஞ்சிருக்குல்ல."

"மழ ஊருக்கெல்லாந்தான பெஞ்சுச்சு. ஒன்னைய மட்டும் படையெடுத்து மொய்க்கு. மீனு இப்பிடி மொய்ச்சிருந்தா எங்க சேட்டு ஒன்னையவே வேலைக்கு வச்சிருப்பான்."

அவன் சிரித்தபொழுது கழுத்தின் இடப்பக்கத்தில் கட்டியை அறுத்த தழும்பும் அசைந்தது. தையல் பிரித்து ஐந்து நாள்தான் ஆகிறது. ஐந்து நாளில் தழும்பு அப்படி ஆவதில்லை. சுற்றியிருந்த தோல் பிறந்த குழந்தையின் தோலைப்போல் வழவழப்பாக இருந்தது.

"இந்தா," என்று பித்தளைத் தம்ளரை நீட்டினான். "பாதி குடிச்சிட்டேன். பாதி ஒனக்கு."

திருமணமான புதிதில், ஜங்லிகாட்டில் ஒற்றை அறை வாடகை வீட்டில், அவர்களிடம் இருந்தது அந்த ஒரே தம்ளர். அவன் பாதி குடித்துத் தர, மீதியை அவள் குடிப்பாள். இன்று அடுக்களை அலமாரி நிறையத் தம்ளர்கள் இருக்கின்றன. வழக்கம் மட்டும் போகவில்லை. மருத்துவமனையில் இருந்த நாட்களிலும் கஞ்சியில் பாதி, இளநீரில் பாதி. அவள் தேநீரை வாங்கிக் குடித்தாள். வெதுவெதுப்பாகவும், எங்கோ நாணயத்தை நாவில் வைத்தாற்போலவும் இருந்தது. பித்தளையின் சுவை என்று நினைத்தாள்.

அப்பொழுதுதான் நாற்காலியைக் கவனித்தாள். அது சன்னலையும் பார்க்கவில்லை, தொலைக்காட்சியையும் பார்க்கவில்லை. சுவரை ஒட்டி, சுவரை நோக்கிப் போடப்பட்டிருந்தது.

"ஏன் சுவத்தப் பாத்துப் போட்டிருக்கீங்க?"

"சுவத்தயில்லட்டி. டியூப் லைட்ட." அவன் போய் அதில் அமர்ந்து முகத்தை உயர்த்தினான். "ரெண்டு நாளா லைட்டப் பாத்து உக்காந்தாத்தான் ஒடம்பு சொகமா இருக்கு. பயிர் மாதிரி ஆயிட்டேன் பாத்துக்க. தண்ணி ஊத்து, பூப்பேன்."

சோபியா தம்ளரை மேசைமேல் வைத்தாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்த மருந்து... எங்கிட்டேர்ந்துதான் வந்துச்சு. நான்தான் எடுத்து அனுப்பினேன்."

"தெரியும்லா. அதனாலதான் பயப்படாம குத்திக்கிட்டேன். வேற எவனாச்சும் குடுத்திருந்தா தூத்துக்குடிக்கே கப்பலேறியிருப்பேன்." அவன் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேற என்ன?"

"ஒரு போன் பண்ணிட்டு வந்து சொல்லுதேன்," என்று அவள் அடுக்களைக்குள் போனாள்.

மிருணாளினி தீதி இரண்டாம் மணியிலேயே எடுத்தார். பின்னால் குக்கர் சீறிக்கொண்டிருந்தது.

"தீதி, கிளமெண்டுக்கு ஊசி போட்ட அன்னிக்கு, கல் வாலா அனுப்பாதேன்னு சொன்னீங்கள்ல. அது எந்தக் கல்?"

"எந்தக் கல்னா?"

"நேத்தா, நாளைக்கா?"

குக்கர் ஒருமுறை கூவி அடங்கியது. பிறகு தீதி வாய்விட்டுச் சிரித்தார். "அரே பாக்லி, இத்தனை நாளா இதையா மண்டையில வச்சிட்டு அலையற? நாளைக்குதான். அந்தப் புது மாலுக்குக் காகஜ், பேப்பரெல்லாம் வரல. அதான் தொடாதேன்னேன். அது வாபஸ் மெயின்லேண்ட் போயாச்சு."

"அப்ப நேத்தையது... வெளிச்சத்துல கிடந்ததுன்னு ரிஜிஸ்டர்ல..."

"அது காலி குப்பி சோபியா. நான்தான் எழுதினேன், நான்தான் குப்பைல போட்டேன். நீ அனுப்பினது சஹி மால், சரியானதுதான். பதினாலு பேருக்கும் ஒரே பெட்டி, ஒரே மருந்து. நீ ஒரு தப்பும் பண்ணல. போய் நிம்மதியா சோறு தின்னு."

தவறு நடந்திருக்கவில்லை. யாரும் எதையும் மாற்றி அனுப்பவில்லை, எதுவும் வெளிச்சத்தில் கெடவில்லை, காப்புறை குலையவில்லை. தவறு நடந்திருந்தால் அதைத் திருத்த ஒரு வழி இருந்திருக்கும். பதிமூன்று நாட்களாகத் தன்னைத் தின்றுகொண்டிருந்த குற்றத்தைக் கையிலிருந்து நழுவவிட்டுவிட்டு, அது போன இடத்தில் தோன்றிய பள்ளத்தை அவள் எட்டிப் பார்த்தாள். செய்யவேண்டியது அனைத்தும் சரியாகவே செய்யப்பட்டிருந்தது. பதினான்கு பேருக்கும்.

"மத்தவங்கல்லாம் எப்படி இருக்காங்க தீதி?"

"ஏக்தம் டீக், நல்லா இருக்காங்க. நேத்து சௌல்தாரி போயிருந்தேன். அந்த ஆறாம் நம்பர் நீலாவதியம்மா பாக்குத் தோட்டத்துல வேலைக்கே எறங்கிட்டாங்க. மருமகதான் ஷிகாயத் பண்றா, ஒரு குறை சொல்றா." தீதி மறுபடியும் சிரித்தார். "பொழுது சாஞ்சா மாமியார் பல்பு கீழேயே போய் நின்னுக்கறாங்களாம். இருட்டுல உக்கார மாட்டேங்கறாங்களாம். கரண்ட் பில்ல நீங்களா கட்டுவீங்கன்னு..."

விளக்கு அணைந்தது.

"லோ, இங்கயும் பத்தி குல், கரண்ட் போச்சு," என்றது தொலைபேசி. பிறகு அதுவும் ஓய்ந்தது.

குளிர்ப்பெட்டி ஒரு நடுக்கத்துடன் நின்றது. மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி முடித்தது. அக்கம்பக்கத்தில் ஒருவர் சலித்துக்கொள்வதும், கதவு சாத்தப்படுவதும், தகரத்திலிருந்து மழைநீர் சொட்டுவதும், அதற்கும் பின்னால் கடலும். சரிவு முழுவதும் இருளில் மூழ்கிவிட்டது. முன்னறையிலிருந்து கிளமெண்டின் குரல் வந்தது. அதில் சிரிப்பு இல்லை.

"சோபி. லைட்டு போச்சு."

"வந்துரும்."

"லைட்டு வேணும்."

சிறு பிள்ளை கேட்பதுபோலக் கேட்டான்.

மூலையில் அவனுடைய கருவிப்பை இருந்தது. குளிர்சாதனக் குழாய்களில் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, சாயத்தை உள்ளே விட்டு ஊதா டார்ச்சால் பார்ப்பார்கள். அந்த டார்ச் அதற்குள் இருந்தது. அவள் தேடித் துழாவவில்லை. பையின் ஜிப் தெரிந்தது. திறந்தாள். உள்ளே திருப்புளிகளுக்கு நடுவே டார்ச் தெரிந்தது. எடுத்தாள். தெரிந்ததைப் பற்றி அவள் நினைக்கவில்லை. அவள் நினைத்ததெல்லாம் அவன் கழுத்தைப் பற்றித்தான்.

அவன் சுவரை நோக்கியே அமர்ந்திருந்தான். அணைந்துபோன குழல்விளக்கை அண்ணாந்து பார்த்தபடி.

"திரும்பாதீங்க," என்றாள். "தழும்பப் பாக்கேன்."

"டாக்டரம்மா பாக்கட்டும்."

பொத்தானை அழுத்தினாள்.

ஊதா வட்டம் அவன் கழுத்தில் விழுந்தது. வெறுந்தோல். வியர்வை. தழும்பு. வேறொன்றும் இல்லை. அவள் மூச்சு விட்டாள். கட்டியை வெட்டியாயிற்று, கனன்றதெல்லாம் வெட்டியாயிற்று, மருத்துவர் தம் கண்ணால் பார்த்து, எல்லை முழுதும் இருட்டு என்று உறுதி செய்த பிறகே தைத்தார். இருட்டாகத்தான் இருக்கிறது. இருட்டாகத்தான்.

பிறகு அது வந்தது.

ஆழத்திலிருந்து. குளத்தடியிலிருந்து மீன் மேலே வருவதுபோல. ஒரு புள்ளி. அடுத்து நான்கைந்து. அடுத்து எண்ண முடியாதவை. தோளிலிருந்து, முதுகிலிருந்து, தாடைக்கு அடியிலிருந்து, தோலுக்குக் கீழே நகர்ந்து, ஒளி விழுந்த வட்டத்துக்குள் வந்து, தோளோடு தோள் ஒட்டி.

நின்றன.

அவள் டார்ச்சை வலப்புறம் நகர்த்தினாள். வட்டம் வலத் தோளுக்குப் போயிற்று. வெறுந்தோல்.

ஒன்று. இரண்டு. மூன்று.

சிவப்பும் வலத் தோளுக்கு வந்தது.

"என்னட்டி, வெதுவெதுன்னு சொகமா இருக்கு," என்றான் கிளமெண்ட். "எடுக்காத."

அவள் அணைத்தாள். பொத்தான் சொடுக்கும் ஓசை தெளிவாகக் கேட்டது. டார்ச்சை மேசைமேல் வைத்தாள். உலோகம் மரத்தில் படும் ஓசையும் கேட்டது. துகளுக்குச் சொந்த ஒளி கிடையாது. அது முதற்பாடம். ஊதா ஒளி பட்டால் ஒளிரும். படாவிட்டால் அது செத்த தூசி. விளக்கை அணைத்துவிட்டால் போதும். அணைத்துவிட்டாள். போதும். சனிக்கிழமை டாக்டர் வந்துவிடுவார். மூன்று நாள்தான். விளக்கில்லாமல் வைத்திருந்தால் போதும்.

கழுத்து இருண்டுவிட்டதா என்று பார்த்தாள். தோலுக்கடியில் கனல் இல்லை. அணைந்துவிட்டது. அவனுடைய பின்கழுத்து மயிர்க்கால்கள், சட்டைக் கழுத்துப்பட்டியின் கிழிசல், நாற்காலியின் பிரம்புப் பின்னல், எல்லாம் அமைதியாக இருந்தன. ஒவ்வொரு மயிராக. ஒவ்வோர் இழையாக.

எல்லாம் தெரிந்தன.

மின்சாரம் வரவில்லை. சன்னலுக்கு வெளியே மின்னி பே கறுப்பாக இருந்தது. நிலவு இல்லை.

சுவரில் ஒரு நிழல் இருந்தது. நாற்காலியின் நிழல். அதில் அமர்ந்திருக்கும் தலையின் நிழல். சுவர் இளஞ்சிவப்பாக இருந்தது. அவள் ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தாள். நிழல் வலப்பக்கம் நகர்ந்தது.

அவள் நின்றாள்.

நிழல் நின்றது.

"பாத்துட்டியா?" என்றான். "நல்லாருக்கா?"

நாவில் நாணயத்தின் சுவை. பாதித் தம்ளர். பாதிக் கஞ்சி. பாதி இளநீர். பங்கிட்டால் குறையவேண்டும். குறையவேண்டும்.

கிளமெண்ட் நாற்காலியில் திரும்பினான். அவன் முகத்தில், அடுப்பின் முன்னே குனிந்தவன் முகத்தில் விழுவதுபோல, செவ்வொளி விழுந்தது. மீசையின் நரைகள் தெரிந்தன. கண்ணிமையோரத்து மச்சம் தெரிந்தது. இரண்டு நாளாக ஏங்கித் தேடியது கிடைத்துவிட்டவன்போல அந்த முகம் மலர்ந்தது. பிறகு கண்கள் சுருங்கின. கையை உயர்த்தி நெற்றிக்கு மேலே குடையாகப் பிடித்துக்கொண்டான்.

"டார்ச்ச கொஞ்சம் கீழ எறக்குட்டி," என்றான். "கண்ணு கூசுது."

மேசையின்மேல் டார்ச் அணைந்து கிடந்தது. சன்னல் கம்பிகளுக்கிடையே நுழைந்த ஈசல்கள் ஒவ்வொன்றாக வந்து அவளுடைய வெறுங்கைகளில் அமர்ந்தன.